மாஜிஸ்திரேட் உத்தரவு இல்லாமல் போலீஸ் எப்போது விசாரிக்கலாம்? வேலூர்ப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய வட ஆற்காடு 1989-ல் இரண்டாகப் பிரிந்தது. அதில் வேலூர் ஆன பகுதி 2019-ல் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்று மாவட்டங்களானது. எஸ்.பி. ஆபீஸ் கூடிவிட்டது. ஸ்டேஷன் வாசலில் நிற்கிறவர் கேட்கும் கேள்வி மட்டும் அதேதான்: "என் புகாரை ஏன் எடுக்க மாட்டேன் என்கிறார்கள்?" இல்லையென்றால், "யாரைக் கேட்டு என் வீட்டுக்குள் வந்தார்கள்?" இரண்டும் ஒரே அதிகாரத்தைப் பற்றிய கேள்விகள். கேட்பவர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்பதில்தான் வித்தியாசம்.

இங்கே வரும் நடைமுறைப் பிரிவுகள் 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் (பி.என்.எஸ்.எஸ்.) உள்ளவை. குற்றங்களுக்கான பிரிவுகள் பாரதிய நியாய சன்ஹிதாவில் (பி.என்.எஸ்.) உள்ளவை. அந்தத் தேதிக்கு முன் நடந்த குற்றம் என்றால் பழைய ஐ.பி.சி. பிரிவுதான் போடுவார்கள்.

போலீஸ் யாரையும் கேட்காமல் விசாரிக்கலாம் என்பது எந்தச் சட்டத்தில் இருக்கிறது?

பி.என்.எஸ்.எஸ். 175(1). பழைய சி.ஆர்.பி.சி.யில் இது 156(1). பிடியாணை வேண்டாக் குற்றம், அதாவது காக்னிசபிள் குற்றம் எதுவானாலும், ஸ்டேஷன் பொறுப்பு அதிகாரி மாஜிஸ்திரேட் உத்தரவு இல்லாமலே விசாரிக்கலாம். கொலை, கொள்ளை, பாலியல் வன்முறை, ஆள்கடத்தல், வழிப்பறி, திருட்டு, மோசடி செய்து சொத்தைப் பெறுவது எல்லாம் இதில் அடங்கும்.

மற்றவை காக்னிசபிள் அல்லாதவை. அவதூறு, ஆயுதம் இல்லாமல் ஏற்படுத்திய சாதாரண காயம் போன்றவை. அவற்றுக்கு 174-வது பிரிவு. தகவலைப் பதிவேட்டில் எழுதி, புகார்தாரரை மாஜிஸ்திரேட்டிடம் போகச் சொல்ல வேண்டும். மாஜிஸ்திரேட் உத்தரவு போட்டால்தான் விசாரணை. அப்படி எழுதியதை 15 நாளுக்கு ஒருமுறை மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்ப வேண்டும் என்று புதிய சட்டம் சொல்கிறது. இந்த வரி பலருக்குத் தெரியாது. ஸ்டேஷனில் உள்ளவர்களுக்கும்தான்.

அப்படியானால் பெரிய தண்டனை உள்ள குற்றம் எல்லாம் காக்னிசபிள், சின்னது எல்லாம் இல்லை. சரிதானே?

பாதிதான் சரி. பி.என்.எஸ்.எஸ்.ஸின் கடைசியில் முதல் அட்டவணை என்று ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு குற்றத்துக்கும் எதிரே காக்னிசபிளா இல்லையா என்று அதில் போட்டிருக்கும். மற்ற சட்டங்களின் கீழ் வரும் குற்றங்களுக்கு ஒரு பொது விதி உண்டு. மூன்று வருடம் அல்லது அதற்கு மேல் தண்டனை என்றால் காக்னிசபிள், அதற்குக் கீழே என்றால் இல்லை. அந்தச் சட்டமே வேறு மாதிரி சொல்லியிருந்தால் அதுதான் செல்லும்.

ஆனால் பி.என்.எஸ். குற்றங்களுக்கு அட்டவணையைப் பார்க்காமல் எதையும் சொல்லக் கூடாது. பொது ரோட்டில் தாறுமாறாக வண்டி ஓட்டினால் அதிகபட்சம் ஆறு மாதம், ஆனாலும் அது காக்னிசபிள். ஒரு கிரயப் பத்திரத்தையோ உயிலையோ போலியாகத் தயாரித்தால் ஆயுள் தண்டனை வரை போகலாம் (338). அது காக்னிசபிள் அல்லாதது! குடியாத்தம், அணைக்கட்டு பக்கம் போலிப் பத்திரத்தில் நிலத்தை இழந்தவரிடம் இதைச் சொன்னால் நம்ப மாட்டார்.

நல்லவேளையாக 174(4) இருக்கிறது. ஒரு சம்பவத்தில் பல குற்றங்கள் இருந்து, அதில் ஒன்றாவது காக்னிசபிள் என்றால் மொத்த வழக்கும் காக்னிசபிள். ஏமாற்றுவதற்காகப் போலி ஆவணம் தயாரிப்பது, போலி என்று தெரிந்தே அதைப் பயன்படுத்துவது, மோசடி செய்து சொத்தைப் பெறுவது மூன்றும் காக்னிசபிள். ஆகவே நில அபகரிப்புப் புகாரில் "போலிப் பத்திரம் போட்டார்" என்று மட்டும் எழுதி நிறுத்தாதீர்கள். அந்தப் பத்திரத்தைக் காட்டி யாரிடம் எவ்வளவு பணம் வாங்கினார், எந்த சார்பதிவாளர் அலுவலகத்தில் என்றைக்குப் பதிவு செய்தார் என்பதையும் எழுதுங்கள்.

திருட்டிலும் புதிய மாற்றம் ஒன்று வந்திருக்கிறது. 5,000 ரூபாய்க்குக் குறைவான பொருளை முதல்முறை திருடி, பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பிக் கொடுத்துவிட்டால் சமூக சேவைதான் தண்டனை. அட்டவணையில் அதைக் காக்னிசபிள் அல்லாதது என்று போட்டுவிட்டார்கள். இதைப் பிடித்துக்கொண்டு பழைய செல்போன் திருட்டுக்கெல்லாம் "அஞ்சாயிரத்துக்குள்ள தானே" என்று திருப்பி அனுப்பினால் ஒப்புக்கொள்ளாதீர்கள். பொருள் திரும்பி வந்ததா என்று கேளுங்கள். கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு ஓடியிருந்தால் அது பறிப்பு (304). அங்கே மதிப்பு என்ன என்ற பேச்சே கிடையாது, காக்னிசபிள்தான்.

அடிதடியில் அடிபட்டேன். போலீஸ் 'இது சாதாரண காயம், கோர்ட்டுக்குப் போ' என்கிறது. சரியா?

அதை முடிவு செய்வது டாக்டர் எழுதும் காகிதம். அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போனாலும், தனியார் மருத்துவமனைக்குப் போனாலும், அடிதடி என்று சொன்னால் விபத்துப் பதிவேட்டில் எழுதி போலீசுக்குத் தகவல் அனுப்புவார்கள். இதைத்தான் எல்லாரும் ஏ.ஆர். காப்பி என்கிறோம். யார் அடித்தது, எதனால் அடித்தது, எத்தனை பேர் என்று நீங்கள் முதலில் சொல்வது அதில்தான் ஏறும். பிறகு புகாரில் வேறு மாதிரி எழுதினால் எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் பிடிப்பது அந்த இடத்தைத்தான். மானம் போகிறதென்று "வண்டியில் இருந்து விழுந்துட்டேன்" என்று டாக்டரிடம் சொல்லிவிட்டு மறுநாள் ஸ்டேஷனுக்குப் போகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

வெறும் கையால் அடித்து வீக்கம் மட்டும் என்றால் 115(2), காக்னிசபிள் அல்ல. ஒரு பல் உடைந்தாலோ விழுந்தாலோ, எலும்பில் விரிசல் விட்டாலோ அது கொடுங்காயம், காக்னிசபிள். பதினைந்து நாள் கடும் வலியில் இருந்தாலும், அன்றாட வேலைகளைச் செய்ய முடியாமல் கிடந்தாலும் கொடுங்காயமே. பழைய ஐ.பி.சி.யில் அது இருபது நாள். கத்தி, அரிவாள் போன்ற ஆயுதத்தால் அடித்திருந்தால் காயம் சின்னதானாலும் 118(1), காக்னிசபிள்.

இன்னொரு விஷயம், நம் தமிழ்நாட்டுக்கே உரியது. பழைய எப்.ஐ.ஆர். எதை எடுத்தாலும் 294(பி), 323, 506 மூன்றும் வரிசையாக இருக்கும். அசிங்கமாகத் திட்டினார், கையால் அடித்தார், கொன்றுவிடுவேன் என்று மிரட்டினார். சாதாரண காயத்துக்கு எப்.ஐ.ஆர். போட வழியில்லை. பொது இடத்தில் ஆபாசமாகப் பேசியது காக்னிசபிள். அதைச் சேர்த்தால் 174(4)-ன் படி எல்லாம் உள்ளே வந்துவிடும். இப்போது அது பி.என்.எஸ். 296. புகார் எழுதித் தருபவர்கள் இந்த வரியைத் தானாகவே சேர்ப்பதன் ரகசியம் இதுதான். உண்மையில் திட்டியிருந்தால் எழுதுங்கள். நடக்காததைச் சேர்த்தால் வழக்கு ஆரம்பத்திலேயே ஆட்டம் காணும். திட்டினார் என்பது மட்டும் போதாது, ஆபாசம் என்று சொல்லும் அளவுக்கு அது இருக்க வேண்டும் என்று 2022-ல் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது.

புகார் கொடுத்ததும் சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்தார்கள். எப்.ஐ.ஆர். போட்ட மாதிரிதானே?

இல்லை. சி.எஸ்.ஆர். என்பது உங்கள் மனுவை வாங்கிக்கொண்டதற்கு அத்தாட்சி, அவ்வளவுதான். இதை வைத்து யாரையும் கைது செய்ய முடியாது, குற்றப்பத்திரிகை போட முடியாது. பாஸ்போர்ட் தொலைந்தது, சான்றிதழ் காணவில்லை போன்றவற்றுக்கு இது தாராளமாகப் போதும். வீடு புகுந்து நகை போன வழக்குக்கு இது போதாது.

லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2013 நவம்பரில் தெளிவாகச் சொன்னது இது: தகவலில் காக்னிசபிள் குற்றம் தெரிந்தால் எப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும். தகவல் உண்மையா பொய்யா என்று அந்தக் கட்டத்தில் ஆராயக் கூடாது. குடும்பத் தகராறு, வியாபாரத் தகராறு, மருத்துவ அலட்சியம், ஊழல், மூன்று மாதத்துக்கு மேல் தாமதமாக வந்த புகார் போன்றவற்றில் மட்டும் முன் விசாரணை செய்து பார்க்கலாம்.

புதிய சட்டத்தில் 173(3) இன்னொரு கதவைத் திறந்திருக்கிறது. மூன்று வருடம் முதல் ஏழு வருடத்துக்குக் குறைவான தண்டனை உள்ள குற்றம் என்றால், டி.எஸ்.பி. அனுமதியோடு பதினான்கு நாளுக்குள் முன் விசாரணையை முடிக்கலாம். ஆகவே ஸ்டேஷனில் "விசாரணையில் இருக்கிறது" என்றால் நீங்கள் கேட்க வேண்டியது இரண்டு: டி.எஸ்.பி. அனுமதி வாங்கியாகிவிட்டதா, பதினான்காவது நாள் என்றைக்கு முடிகிறது? இரண்டையும் மரியாதையாகக் கேளுங்கள். பதில் வரும். வராவிட்டால் அடுத்த கேள்விக்குப் போங்கள்.

எப்.ஐ.ஆர். போடவே மாட்டேன் என்றால்?

புகாரின் சாரத்தை எழுதி எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்ப வேண்டும். 173(4) சொல்வது அதைத்தான். ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபால் நல்லது. வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மூன்றுக்கும் தனித்தனி எஸ்.பி. சம்பவம் நடந்த ஸ்டேஷன் எந்த மாவட்டத்தில் இருக்கிறதென்று பாருங்கள். ஆம்பூர், வாணியம்பாடி திருப்பத்தூரில். ஆற்காடு, அரக்கோணம், சோளிங்கர் ராணிப்பேட்டையில். பழைய பழக்கத்தில் எல்லாரும் வேலூருக்கு அனுப்புகிறார்கள். அது கைமாறிப் போய்ச் சேர நாள் ஆகிறது.

எஸ்.பி.யும் அசையவில்லை என்றால் பிரமாணப் பத்திரத்தோடு மாஜிஸ்திரேட்டிடம் மனு போடலாம். அவர் போலீஸ் தரப்பையும் கேட்டுவிட்டு 175(3)-ன் கீழ் விசாரணைக்கு உத்தரவிடலாம். ஸ்டேஷனுக்கும் எஸ்.பி.க்கும் போனதற்கான காகிதம் இல்லாமல் நேரே கோர்ட்டுக்குப் போனால் மனு நிற்காது. வக்கீல் வைக்க வசதி இல்லையா? பெண்கள், பட்டியல் சாதி, பழங்குடியினர், காவலில் உள்ளவர்கள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமலே இலவச சட்ட உதவி உண்டு. 15100-க்குக் கூப்பிடலாம்.

பாலியல் வன்முறை, ஆசிட் வீச்சு போன்ற புகாரைப் பதிவு செய்ய மறுக்கும் அதிகாரிக்கே பி.என்.எஸ். 199-ல் ஆறு மாதம் முதல் இரண்டு வருடம் வரை கடுங்காவல் இருக்கிறது.

ரயிலில் வரும்போது பை போய்விட்டது. காட்பாடியில் இறங்கிப் பார்த்தேன். எங்கே புகார்?

காட்பாடி ரயில்வே போலீஸ் ஸ்டேஷனிலேயே. சிகிச்சைக்காக வங்காளத்திலிருந்தும் ஜார்கண்டிலிருந்தும் வேலூருக்கு வருகிறவர்களுக்கு இது அடிக்கடி நடக்கிறது. பை எந்த ஸ்டேஷன் எல்லையில் போனதென்று யாருக்குத் தெரியும்? 173(1) இப்போது நேரடியாகவே சொல்கிறது: எந்த எல்லையில் நடந்திருந்தாலும் தகவலைப் பதிவு செய்ய வேண்டும். இதுதான் ஜீரோ எப்.ஐ.ஆர். பதிவு செய்துவிட்டு உரிய ஸ்டேஷனுக்கு மாற்றுவார்கள். "சித்தூர் போய்க் கொடு" என்று அலைக்கழிக்க இனி வழியில்லை.

ஆன்லைனில் புகார் கொடுத்தால் செல்லுமா?

செல்லும். மூன்று நாளுக்குள் நேரில் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். ஆன்லைன் பண மோசடி என்றால் முதலில் 1930. பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் கூப்பிட வேண்டும்.

கைமாற்றாக மூன்று லட்சம் கொடுத்தேன். திருப்பித் தரவில்லை. போலீஸ் வாங்கித் தருமா?

தராது, தரவும் கூடாது. கடனை வசூலிப்பது சிவில் கோர்ட் வேலை. செக் திரும்பியிருந்தால் மாற்றுமுறை ஆவணச் சட்டம் 138. வங்கித் தகவல் வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ், அது கிடைத்து 15 நாளில் பணம் வரவில்லை என்றால் அதற்கடுத்த ஒரு மாதத்துக்குள் நேரே மாஜிஸ்திரேட்டிடம் புகார். இதில் போலீசுக்கு வேலையே இல்லை. பணம் வாங்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்று காட்ட முடிந்தால் மட்டும் மோசடி. ஸ்டேஷனில் உட்கார வைத்துத் தவணை பேசித் தருகிற கட்டப்பஞ்சாயத்து இருக்கிறதே, அது இன்று உங்களுக்குச் சாதகமாக இருக்கலாம். நாளைக்கு அதே நாற்காலியில் உங்களை உட்கார வைப்பார்கள்.

அதிக வட்டி தருகிறேன் என்று ஊரெல்லாம் டெபாசிட் வாங்கி மூடிய நிதி நிறுவனம் என்றால் கதை வேறு. அதற்கென்றே 1997-ம் வருடத்து முதலீட்டாளர் நலன் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. பொருளாதாரக் குற்றப்பிரிவுக்குப் போங்கள்.

பாலாற்றில் மணல் அள்ளினால் தாசில்தார்தானே நடவடிக்கை எடுக்க வேண்டும்? போலீஸ் எப்படி எப்.ஐ.ஆர். போடுகிறது?

கனிமச் சட்டப்படி கோர்ட்டில் வழக்கை எடுத்துக்கொள்ள அதிகாரம் பெற்ற அதிகாரியின் புகார் வேண்டும், அது உண்மை. ஆனால் ஆற்று மணல் அரசாங்கச் சொத்து, அனுமதி இல்லாமல் அள்ளுவது திருட்டும்தான். இரண்டும் வெவ்வேறு குற்றம், திருட்டுக்குப் போலீஸ் தானே வழக்குப் போடலாம் என்று 2014-ல் சஞ்சய் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மாட்டு வண்டி ஆனாலும் டிப்பர் ஆனாலும் இதே சட்டம்தான். பிடிபடுவதில் மட்டும் மாட்டு வண்டிக்குத்தான் முன்னுரிமை.

மனைவி தரப்பில் தூரத்துச் சொந்தக்காரர் ஒருவர் புகார் கொடுத்தார். எப்.ஐ.ஆர். போடலாமா?

கணவர் வீட்டுக் கொடுமை (85) காக்னிசபிள் ஆவதற்குப் பாதிக்கப்பட்ட பெண்ணோ, அவருடைய ரத்த உறவோ, திருமண உறவோ, தத்து உறவோ தகவல் கொடுக்க வேண்டும். அப்படி யாரும் இல்லையென்றால் அரசு அறிவித்த அதிகாரி கொடுக்கலாம். தூரத்து உறவும் உறவுதான். பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்தால் அது ஆகாது. பட்டியல் சாதி, பழங்குடியினருக்கான வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் முன் விசாரணை தேவையில்லை என்று 18-ஏ பிரிவே சொல்கிறது. அந்த வழக்கை டி.எஸ்.பி. தகுதிக்குக் குறையாதவர் விசாரிக்க வேண்டும்.

அப்போது மாஜிஸ்திரேட்டுக்கு இதில் வேலையே இல்லையா?

அனுமதி கொடுக்கும் வேலை இல்லை. கண்காணிக்கும் வேலை இருக்கிறது. காக்னிசபிள் வழக்கில் புலன் விசாரணை போலீசின் களம், நீதிமன்றம் குறுக்கிடாது என்று 1944-ல் குவாஜா நசீர் அகமது வழக்கில் பிரிவி கவுன்சில் சொன்னது. இன்றும் அந்தத் தீர்ப்பை எடுத்துக் காட்டுகிறார்கள். எப்.ஐ.ஆரையே ரத்து செய்ய வேண்டும் என்றால் சென்னை உயர் நீதிமன்றத்தில் குவாஷ் மனு போட வேண்டும்.

ஆனால் எப்.ஐ.ஆர். போட்டவுடன் 176-ன் படி அது மாஜிஸ்திரேட்டுக்குப் போயாக வேண்டும். கொலை வழக்கில் எக்ஸ்பிரஸ் எப்.ஐ.ஆர். என்பார்கள். ராத்திரி எந்நேரமானாலும் கான்ஸ்டபிள் ஒருவர் அதை எடுத்துக்கொண்டு மாஜிஸ்திரேட் வீட்டுக்கே போய்க் கொடுப்பார். மாஜிஸ்திரேட் வாங்கிய நேரத்தை எழுதிக் கையெழுத்துப் போடுவார். பிறகு கோர்ட்டில் வழக்கு நடக்கும்போது அந்த நேரம் பெரிய விஷயம். காலை ஆறு மணிக்கு எப்.ஐ.ஆர். போட்டதாகச் சொல்லி, கோர்ட்டுக்கு மறுநாள் மாலை போய்ச் சேர்ந்திருந்தால், நடுவில் உட்கார்ந்து கதை தயாரித்தார்களா என்ற கேள்வி வரும். விளக்கம் சரியாக இல்லாததால் தோற்ற கொலை வழக்குகள் உண்டு.

'ஸ்டேஷனுக்கு வா' என்று போன் வருகிறது. போக வேண்டுமா?

சாட்சியாகக் கூப்பிட்டால் எழுத்தில் கூப்பிட வேண்டும் (179). பதினைந்து வயதுக்குக் கீழே, அறுபது வயதுக்கு மேலே உள்ள ஆண்கள், எந்த வயதுப் பெண்ணும், மாற்றுத்திறனாளிகள், கடும் நோயாளிகள் ஆகியோரை வீட்டுக்கு வந்துதான் விசாரிக்க வேண்டும். அவர்களாக விரும்பினால் வரலாம்.

குற்றம் சாட்டப்பட்டவராகக் கூப்பிட்டால் 35(3) நோட்டீஸ். இதை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் செல்லாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. முறையாக வந்த நோட்டீஸுக்குப் போகாமல் இருக்காதீர்கள். போகாததே கைதுக்குக் காரணமாகிவிடும். போகும்போது வீட்டில் சொல்லிவிட்டு, நோட்டீஸை போட்டோ எடுத்து ஒருவருக்கு அனுப்பிவிட்டுப் போங்கள்.

விசாரிக்கலாம் என்றால் கைதும் செய்யலாமா?

இரண்டும் ஒன்றல்ல. ஏழு வருடம் வரை தண்டனை உள்ள குற்றத்தில் ஏன் கைது தேவை என்ற காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும். 2014-ல் அர்னேஷ் குமார் தீர்ப்பு அதை அழுத்திச் சொன்னது. மூன்று வருடத்துக்குக் குறைவான குற்றத்தில், உடல்நலம் குன்றியவரையோ அறுபது தாண்டியவரையோ டி.எஸ்.பி. அனுமதி இல்லாமல் கைது செய்யக் கூடாது, 35(7). பெண்களை சூரியன் மறைந்த பிறகும் உதிப்பதற்கு முன்பும் கைது செய்ய, விதிவிலக்கான சூழ்நிலையில் மட்டும், மாஜிஸ்திரேட்டின் முன் அனுமதி வேண்டும். விசாரணையே மாஜிஸ்திரேட் இல்லாமல் நடக்கும்போது இந்த இடத்தில் அவர் வந்துவிடுகிறார் பாருங்கள்.

கைதானால் காரணம் சொல்ல வேண்டும், வீட்டுக்குத் தகவல் தர வேண்டும், கைதுக் குறிப்பில் வீட்டார் ஒருவரோ ஊர்க்காரர் ஒருவரோ கையெழுத்திட வேண்டும். பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். வக்கீலைப் பார்க்கும் உரிமை விசாரணை நடக்கும்போதே உண்டு.

வாரண்ட் இல்லாமல் வீட்டைச் சோதனை போடலாமா?

போடலாம், 185. தாமதித்தால் பொருள் போய்விடும் என்ற காரணத்தை முதலில் எழுதிவிட்டு. சோதனையை வீடியோ எடுக்க வேண்டும். எழுதிய காரணத்தின் நகல் 48 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட்டுக்குப் போக வேண்டும். அக்கம்பக்கத்தில் இரண்டு பேரைச் சாட்சி வைக்க வேண்டும். எடுத்த பொருளின் பட்டியலில் ஒரு நகல் உங்களுக்கு. சண்டை போடாதீர்கள், பட்டியலைப் படிக்காமல் கையெழுத்தும் போடாதீர்கள்.

நான் சொன்னதை எழுதிக் கையெழுத்துக் கேட்கிறார்கள்.

விசாரணையில் சாட்சி சொல்வதில் கையெழுத்து வாங்கக் கூடாது (181). வெள்ளைத்தாளில் நிச்சயமாகப் போடாதீர்கள். போலீசிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் கோர்ட்டில் செல்லாது. அதைச் சொல்லி எங்கே பொருளை ஒளித்து வைத்தார் என்று காட்டிக்கொடுத்து, அங்கே பொருள் கிடைத்தால், அந்த அளவுக்கு மட்டும் செல்லும்.

எப்.ஐ.ஆர். போட்டு மாதக்கணக்கில் ஆகிறது. என்ன நடக்கிறதென்றே தெரியவில்லை.

விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று 90 நாளுக்குள் உங்களுக்குச் சொல்ல வேண்டும், 193(3). போனிலும் சொல்லலாம். சொல்லவில்லை என்றால் எப்.ஐ.ஆர். எண்ணைக் குறிப்பிட்டு, அந்தப் பிரிவையும் எழுதி, இன்ஸ்பெக்டருக்கு ஒரு மனு, நகல் டி.எஸ்.பி.க்கு. எப்.ஐ.ஆர். நகல் உங்களிடம் இல்லையென்றால் அதையும் சேர்த்துக் கேளுங்கள். புகார்தாரருக்கு அது இலவசம்.